பெரட்டுக்களமும் பரேட் மைதானமும்

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் புரட்டினால் ஒரு வரி அடிக்கடி கண்ணில் படும்: 'ஓய்வுபெற்ற முப்படையினருக்கு முன்னுரிமை.' பாதுகாப்பு உத்தியோகத்தர், போக்குவரத்து உத்தியோகத்தர், களஞ்சியப் பொறுப்பாளர், நிர்வாக முகாமையாளர் என்று பதவி எதுவானாலும் அந்த வரி ஒட்டிக்கொண்டு வரும். கண்டியில் ஒரு ஹோட்டலோ பண்டாரவளையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையோ ஆள் எடுக்கும்போது அந்த வரியை எதற்காகப் போடுகிறார்கள்? கேட்டால் 'டிசிப்ளின்' என்பார்கள். இன்னும் கொஞ்சம் கேட்டால் 'லீடர்ஷிப்' என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் பதில் வராது.

வராத அந்தப் பதிலைத் தோண்டிப் பார்க்க இது நல்ல நேரம். 2023 ஜனவரியில் இலங்கையின் அப்போதைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் பிரமித்த பண்டார தென்னக்கோன் ஒரு கணக்குச் சொன்னார். 200,783 பேருக்கு அனுமதி உள்ள தரைப்படையை 2024இல் 135,000 ஆகவும், 2030இல் ஒரு இலட்சமாகவும் குறைப்பது என்பது அந்தத் திட்டம். சொன்ன வேகத்தில் நடக்கிறதோ இல்லையோ, ஆட்கள் வெளியே வந்துகொண்டுதான் இருப்பார்கள். சாதாரணச் சிப்பாய் ஒருவர் 22 வருடச் சேவை முடித்தால் ஓய்வூதியத்தோடு வீடு திரும்பலாம். பத்தொன்பது வயதில் சேர்ந்தவருக்கு அப்போது நாற்பத்தொரு வயது. தனியார் துறையில் ஓய்வு வயதை 60 ஆக்கியது 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். ஆக, இன்னொரு முழுத் தொழில் வாழ்க்கைக்கு வேண்டிய வயது அவருக்கு மிச்சம் இருக்கிறது. சிப்பாய்க்குப் 'பென்ஷன்காரர்' என்று பெயர் வைப்பது எவ்வளவு பொருத்தமில்லாதது என்பது இந்தக் கணக்கைப் போட்டால்தான் தெரியும்.

ஊவா மலையில் வளர்ந்தவர்களுக்கு இந்த விஷயம் தூரத்துச் செய்தியுமில்லை. தியத்தலாவையில் 1900இல் போயர் யுத்தக் கைதிகளை அடைத்து வைக்க முகாம் போட்டார்கள். இன்றைக்கும் அது படை ஊர்தான். நாட்டின் தரைப்படை அதிகாரிகளை உருவாக்கும் இராணுவக் கல்விக்கூடம் அங்கேதான் இருக்கிறது. சின்ன வயதில் சூட்டுத்திடல் பக்கமிருந்து மிளகாய் வெடி போல வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாங்கள் கணக்குப் பாடம் செய்திருக்கிறோம். பாடசாலைக் கடேற் அணிப் பிள்ளைகளுக்கும் பயிற்சி இந்த மலைப்பக்கத்தில், ரந்தம்பையில். பயிற்சி பெற்றவர்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. அவர்கள் கற்றதில் எந்தப் பாதி நமக்கு வேண்டியது என்று தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம்.

ஏற்கெனவே ஒரு படைமுகாம்

மலையகத்துக்கு இராணுவ ஒழுங்கைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தோட்டத்தில் விடிகாலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்குப் பெரட்டுக்களம் என்று பெயர். பெரட்டு என்பது 'பரேட்' என்ற சொல் நம் வாயில் விழுந்து புரண்ட கோலம். குடியிருக்கும் லயம், படைவீரர்களின் குடியிருப்பு வரிசைகளைக் குறித்த 'லைன்' என்ற சொல். கவாத்து என்றால் அகராதியில் படைப்பயிற்சி என்றும் இருக்கிறது, கிளை வெட்டுதல் என்றும் இருக்கிறது. தேயிலை மலையில் நாம் அதைக் கவ்வாத்து என்போம். இரண்டிலும் தலைக்கு மேல் வளர்ந்ததை ஒரே மட்டத்துக்கு வெட்டி நிறுத்துகிற வேலைதான் என்று பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

இதற்குக் காரணம் இருக்கிறது. மலைநாட்டைத் தோட்டமாக்கியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் படையிலிருந்து வந்தவர்கள். 1824 முதல் 1831 வரை ஆளுநராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் வாட்டர்லூ போரில் இருந்தவர். கன்னொறுவையில் சொந்தமாகக் கோப்பித் தோட்டம் போட்டவர். கோப்பி மூட்டை கீழே இறங்குவதற்குப் பாதை வெட்டிய தோமஸ் ஸ்கின்னர் பதினான்கு வயதில் படையில் சேர்ந்தவர். பதுளையில் அரசாங்க நிர்வாகத்தைப் பார்த்த மேஜர் ரொஜர்ஸ் சிலோன் ரைபிள் படையணிக்காரர். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று சொல்லப்படும் அவர், 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அவருடைய தலைமைத்துவத்தைப் பற்றி யானைகளிடம் அபிப்பிராயம் கேட்க முடியாது.

1900இல் தோட்டத்தை நடத்திய துரைமாருக்கென்றே தனிப் படையணி ஒன்றும் உருவானது. அதுதான் சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர். தலைமையகம் கண்டி. முதலாம் உலகப் போரில் அதன் ஆட்கள் கலிபோலிக்குப் போய் ஜெனரல் பேர்ட்வுட்டுக்கு மெய்க்காவல் நின்றார்கள். 1949இல் கலைக்கப்படும்வரை, வாரநாளில் பெரட்டுக்களத்தில் ஆள் கூப்பிட்ட துரை வார இறுதியில் துப்பாக்கியோடு அணிவகுத்தார். ஆகவே 'படையில் இருந்தவர் ஆட்களை நடத்தத் தெரிந்தவர்' என்ற நம்பிக்கை இந்த மலைகளில் கிட்டத்தட்ட இருநூறு வருடப் பழசு. அந்த நம்பிக்கையின் மறுபக்கத்தில், வரிசையில் நின்று பேர் கொடுத்தவர்கள் நம்முடைய பாட்டன் பாட்டிமார். இதை மறந்துவிட்டு 'வெட்டரன் லீடர்ஷிப்' பற்றி இங்கே பேச முடியாது.

கோப்ரலிடம் இருப்பது

சரி, இராணுவம் உண்மையில் தலைமை என்று எதைக் கற்றுக்கொடுக்கிறது? வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவது சத்தம். 'அட்டென்ஷன்' என்றதும் நூறு காலணி ஒன்றாகத் தட்டுவது. அது பயிற்சியின் முதல் சில மாதம்தான். அதற்குப் பிறகு நடப்பது சத்தமில்லாதது.

காலாட்படையின் அடி அலகு செக்ஷன். ஏறக்குறைய பத்துப் பேர். அதைப் பார்ப்பவர் ஒரு கோப்ரல். மூன்று செக்ஷன் சேர்ந்தால் முப்பது பேர் கொண்ட பிளட்டூன். அதற்கு ஒரு இளம் லெப்டினன்ட். பக்கத்தில் ஒரு அனுபவசாலி சார்ஜன்ட். லெப்டினன்டுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும், சார்ஜன்டுக்கு முப்பத்தைந்து. யார் யாருக்குக் கற்றுக்கொடுக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை. பிரித்தானிய மரபில் வந்த படைகளில் பிளட்டூனைப் பார்ப்பவர் ஒரு சின்னக் கொப்பி வைத்திருக்கும் பழக்கம் உண்டு. ஒவ்வொருவரின் பெயர், ஊர், மனைவி பிள்ளைகள், உடம்பில் என்ன குறை, எதில் கெட்டிக்காரன், வீட்டில் என்ன பிரச்சினை எல்லாம் அதில் இருக்கும். சாப்பாட்டு வரிசையில் அதிகாரி கடைசியில் நிற்பது இன்னொரு பழக்கம். இங்கிலாந்தின் சான்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்விக்கூடம் 'தலைமை தாங்கச் சேவை செய்' என்ற பொருளில் ஒரு வாசகத்தைத் தன் முத்திரையில் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

இனி நம் பக்கம் பாருங்கள். ஒரு கங்காணியின் கீழ் மலையில் நிற்கும் கொழுந்துப் பெண்கள் இருபது முப்பது பேர். கிட்டத்தட்ட ஒரு பிளட்டூன். ஆடைத் தொழிற்சாலையில் ஒரு தையல் வரிசை, ஹோட்டல் சமையலறையில் ஒரு நேர முறை, பஸ் டிப்போவில் ஒரு பழுதுபார்க்கும் குழு எல்லாம் அந்த அளவுதான். நேரடியாக மனிதர்களை நடத்தும் வேலை நடப்பது இந்த அளவில். அதைப் பத்துப் பதினைந்து வருடம் செய்தவர் கோப்ரலும் சார்ஜன்டும்.

இரண்டாவது விஷயம், கட்டளை கொடுக்கும் முறை. 1806இல் ஜேனாவில் நெப்போலியனிடம் அடி வாங்கிய பிறகு பிரஷ்யப் படை தன்னைத் திருத்திக்கொண்டபோது வளர்த்தெடுத்த யோசனை இது. மேலதிகாரி 'எதற்காக, எது நடக்க வேண்டும்' என்று சொல்ல வேண்டும். 'எப்படி' என்பதைக் களத்தில் நிற்பவன் தீர்மானிக்க வேண்டும். பிற்காலத்தில் பிரித்தானியாவும் அமெரிக்காவும் இதைத் தங்கள் கோட்பாடாகவே எடுத்துக்கொண்டன. குண்டு விழுகிற இடத்தில் தொலைபேசியில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பதால் பிறந்த பழக்கம். கீழே இருப்பவனின் மூளையை நம்பாமல் இது நடக்காது.

மூன்றாவது, முடிந்த பிறகு உட்கார்ந்து பேசுவது. அமெரிக்கத் தரைப்படை 1970களிலிருந்து பயிற்சிகளில் வளர்த்த வழக்கம். என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த முறை என்ன செய்யலாம் என்று நாலு கேள்வி. அந்த ஒரு மணிநேரம் பதவிப் பட்டியைப் பார்ப்பதில்லை. சிப்பாய் எழுந்து 'சார், நீங்கள் பாதையைத் தவறாகக் காட்டினீர்கள்' என்று சொல்லலாம்.

இதைத் தேயிலைத் தொழிற்சாலையில் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் கொழுந்து சூடேறிச் சிவந்துபோய் வந்து சேருகிறது. தொழிற்சாலையைப் பார்க்கும் டீமேக்கர், மலை வேலையைப் பார்க்கும் பீல்ட் ஒபிசரைத் திட்டுகிறார். பீல்ட் ஒபிசர் கங்காணியைத் திட்டுகிறார். கங்காணி பெண்களைப் பார்த்து 'சாக்கில அமுக்கி அடைச்சா இப்படித்தான்' என்கிறார். அடுத்த நாளும் கொழுந்து சிவந்துதான் வரும். உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டிருந்தால், லொறி ஒன்றரை மணிநேரம் பிந்தியது, நிழலில் வைக்கக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இடமில்லை, சாக்கு போதாமல்தான் அமுக்கினார்கள் என்பதெல்லாம் வெளியே வந்திருக்கும். அந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கத் தெரிந்த ஒரு சார்ஜன்டைச் சம்பளம் கொடுத்து எடுப்பதில் இலாபம் இருக்கிறது. திட்டுவதற்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கத் தேவையில்லை. தோட்டத்திலேயே தாராளமாக இருக்கிறார்கள்.

அமெரிக்கக் கணக்கும் நம் கணக்கும்

முன்னாள் படையினரை வேலைக்கு எடுங்கள் என்ற பிரசாரத்துக்கு இன்று பெரிய ஊர் அமெரிக்கா. 1944இன் சட்டம் இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்குப் படிப்புச் செலவும் வீட்டுக் கடனும் கொடுத்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து வந்தவர்களிடையே 2011இல் வேலையின்மை 12 சதவீதத்தைத் தொட்டபோது, பெரிய கம்பனிகள் வரிசையாக வாக்குறுதி கொடுத்தன. அந்த வருடம் ஜேபி மோர்கன் சேஸ் உள்ளிட்ட சில கம்பனிகள் சேர்ந்து ஒரு இலட்சம் பேரை எடுப்பதாக அறிவித்தன. இந்தியாவில் 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நாலு வருடம் முடித்தவர்களில் அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் படையில் தொடர இடம். மற்ற எல்லோருக்கும் வெளியில் வேலை தேட வேண்டிய வயது இருபதுகள்.

வாக்குறுதிகளை விட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது ஒரு ஆய்வு. எஃப்ரைம் பென்மெலெக், கரோலா ஃப்ரைட்மன் என்ற இரு பொருளியலாளர்கள் 2015இல் வெளியிட்டது. அவர்கள் பார்த்த பெரிய அமெரிக்கக் கம்பனிகளின் தலைமை அதிகாரிகளில் 1980இல் 59 சதவீதம் பேர் படையில் இருந்தவர்கள், 2013இல் 6.2 சதவீதம். படை அனுபவம் உள்ள தலைமை அதிகாரிகள் மோசடியில் சிக்குவது குறைவு. தொழில் சரிந்த காலத்தில் மற்றவர்களை விட நன்றாகச் சமாளித்தார்கள். அதே நேரம் முதலீட்டிலும் ஆராய்ச்சிச் செலவிலும் கை இறுக்கமானவர்கள். புதிதாக ஒன்றைத் தொடங்க இவர்களைத் தேடாதீர்கள், கப்பல் ஆடும்போது கூப்பிடுங்கள் என்று நான் இதை வாசித்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த 59 சதவீதத்தை இங்கே இறக்குமதி செய்யும்போது கவனம் வேண்டும். அமெரிக்காவில் 1973 வரை கட்டாய ஆட்சேர்ப்பு இருந்தது. பணக்காரன் மகனும் விவசாயி மகனும் ஒரே கூடாரத்தில் படுத்தெழுந்த தலைமுறை அது. இலங்கையில் கட்டாய ஆட்சேர்ப்பு இருந்ததே இல்லை. முப்பது வருடப் போரில் சிப்பாயாகப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழைச் சிங்களக் கிராமத்துப் பையன்கள். மொனராகலையிலிருந்தும் அநுராதபுரத்திலிருந்தும் நம் பதுளைக் கிராமங்களிலிருந்தும் போனவர்கள். அவர்கள் போனது பெரும்பாலும் சம்பளத்துக்காக என்பதைத் தோட்டத்துக் காரனுக்கு விளக்கத் தேவையில்லை.

நமக்கோ போகவும் வழியிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்தவர்களின் கணக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் தீர்ந்தது. பிரஜையாக இல்லாதவனுக்குப் படையில் இடம் எங்கே? பிற்பாடு சிலர் சேர்ந்தார்கள், சேர்கிறார்கள், ஆனால் எண்ணிக்கை சொற்பம். ஆகவே 'முப்படையினருக்கு முன்னுரிமை' என்ற வரி ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு விளம்பரத்தில் வரும்போது, 'தமிழ் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் பின்வரிசை' என்ற வரியும் அச்சில் வராமல் கூடவே வருகிறது. விளம்பரம் எழுதுகிறவர் அப்படி நினைத்து எழுதுவதில்லை. விளைவு அதுதான்.

வாய்மொழிக் கட்டளை

படையில் இருந்தவர்களைச் சிவில் பதவிகளில் அமர்த்தும் பரிசோதனையை இந்த நாடு பெரிய அளவில் செய்தும் பார்த்துவிட்டது. 2019 இறுதியில் ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ஷ முன்னாள் லெப்டினன்ட் கேணல். சுகாதார அமைச்சின் செயலாளர், சுங்கப் பணிப்பாளர் நாயகம், துறைமுக அதிகார சபைத் தலைவர் போன்ற கதிரைகளில் சேவையிலிருந்த, ஓய்வுபெற்ற ஜெனரல்மார் அமர்ந்தார்கள். கொவிட் தடுப்புக்கான தேசிய நிலையத்துக்கும் தலைமை இராணுவத் தளபதிதான். தடுப்பூசி ஏற்றுவதிலும் தனிமைப்படுத்தல் நிலையங்களை நடத்துவதிலும் படையின் ஆள்பலமும் வாகனமும் உண்மையாகவே உதவின. இன்ன தேதிக்குள் இத்தனை பேர் என்ற வேலை அவர்களுக்குக் கைவந்த கலை.

மறுபக்கம் நம் ஊரிலேயே வெளிப்பட்டது. 2020 செப்டெம்பரில் பதுளை மாவட்டத்தின் ஹல்துமுல்லைப் பகுதியில் நடந்த கிராமச் சந்திப்பில், தான் வாயால் சொல்வதையே சுற்றறிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஜனாதிபதி அரச அதிகாரிகளுக்குச் சொன்னார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். அடுத்த வருடம் மே மாதத்தில் இரசாயன உரத்துக்கு இறக்குமதித் தடை வந்தது. தேயிலை ஆராய்ச்சிக்காரர்களும் விவசாயப் பேராசிரியர்களும் ஒரே இரவில் மாற முடியாது என்று சொல்லிப் பார்த்தார்கள். வருடம் முடிவதற்குள் தடையை வாபஸ் வாங்க நேர்ந்தது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியனுக்கு விழுந்தது. உர விலையும் டொலர் தட்டுப்பாடும் அதில் சேர்ந்தே இருந்தன. எல்லாவற்றையும் ஒரு ஆளின் தலையில் கட்டுவது நியாயமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. நான் மேலே சொன்ன மூன்று பழக்கத்தில் ஒன்றாவது அங்கே இருந்திருந்தால், களத்தில் நிற்பவனைக் கேட்டிருப்பார்கள். படைக்குள் நல்ல அதிகாரிக்கு விதித்த கட்டுப்பாடு இல்லாமல், கட்டளை மட்டும் வெளியே வந்தால் இப்படித்தான் ஆகும்.

கேற்றடியில் நிற்கும் தலைமைத்துவம்

ஜெனரல்மாருக்குக் கதிரை கிடைக்கிறது. கோப்ரலுக்கு? பெரும்பாலும் கேற்றடியில் ஒரு கூடு, ஒரு வரவுப் புத்தகம், ஒரு டோர்ச். பன்னிரண்டு மணிநேர முறை. பத்துப் பேரின் உயிரைக் கையில் வைத்திருந்தவர் இப்போது வாகன இலக்கம் எழுதுகிறார். 'தலைமைத்துவத்துக்காக எடுக்கிறோம்' என்று சொல்லும் நிறுவனங்கள் உண்மையில் எதற்காக எடுக்கின்றன என்பதற்கு இதை விடச் சாட்சி வேண்டாம். இன்னொரு காரணமும் உண்டு, யாரும் உரக்கச் சொல்வதில்லை. அவருக்கு ஓய்வூதியம் வருகிறது, ஆகவே குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிப்பார். சாதாரண இளைஞன் கேட்கும் சம்பளத்தையும் அது கீழே இழுக்கிறது. இரண்டு ஏழைகளை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தி மலிவாக ஆள் பிடிப்பது மலையகத்துக்குப் புதிய வித்தையல்ல.

இந்த வீணடிப்பின் கடைசி எல்லையை 2024இல் பார்த்தோம். ரஷ்ய, உக்ரேனியப் போர்முனைகளுக்கு இலங்கையின் முன்னாள் படையினர் முகவர்களால் ஏமாற்றி அனுப்பப்பட்டது வெளியே வந்தது. மே மாதத்தில் அரசாங்கமே குறைந்தது 16 பேர் இறந்ததாகச் சொன்னது. சமையலறை வேலை, பின்வரிசை வேலை என்று நம்பிப் போனவர்கள் பலர். 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தில் உருவான ரணவிரு சேவை அதிகார சபை இருக்கிறது. போர்வீரரைக் குறிக்கும் 'ரணவிரு' என்ற சிங்களச் சொல்லுக்கு மேடையில் குறைவேயில்லை. நாற்பத்திரண்டு வயது ஆளுக்கு உள்ளூரில் தகுந்த வேலை இருந்திருந்தால் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு பனிக்காட்டுக்கு ஏன் போகிறார்?

இனி, தமிழ்த் தொழிலாளர் பக்கம். 'ஆமி' என்ற சொல்லைக் கேட்டதும் இங்கே பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சோதனைச் சாவடி. அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்த நாட்கள், கொழும்பில் கடைவேலைக்குப் போன பையனைச் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போன இரவுகள், 1977, 1981, 1983 கலவரங்கள். தனிப்பட்ட முறையில் அந்தக் கோப்ரல் எந்தப் பாவமும் அறியாதவராக இருக்கலாம். ஆனால் மேற்பார்வையாளர் கதிரையில் அவர் உட்கார்ந்ததும் எதிரே நிற்கும் பெண் வாயைத் திறக்கமாட்டாள். முகாமையாளர் அதைப் பார்த்து 'பார்த்தீர்களா டிசிப்ளின்' என்று மகிழ்ந்துபோவார். பயத்துக்கும் ஒழுங்குக்கும் வித்தியாசம் தெரியாத முகாமையாளர்தான் இந்த விளம்பர வரியின் உண்மையான வாடிக்கையாளர் என்று எனக்குச் சில நேரம் தோன்றும்.

மழைமானி

மலையகத்தில் இவர்களை எங்கே வைக்கலாம் என்று கேட்டால் என் முதல் பதில் மண்சரிவு.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. சேற்றைத் தோண்டி உடல்களைத் தேடியவர்கள் படையினர். அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. சொன்னது காகிதத்தில் இருந்தது, ஆட்கள் லயத்தில் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் அதே கதை பத்து மடங்காகத் திரும்பியது.

அந்த நிறுவனத்தின் அளவுகோல் எளிமையானது. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் கவனம், 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற வேண்டும். விஞ்ஞானம் அதோடு முடிகிறது. பிறகு வேண்டியது, கொட்டுகிற மழையில் இரவு இரண்டு மணிக்கு மழைமானியைப் போய்ப் பார்க்கிற ஒரு ஆள். எந்த லயத்தில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார், எந்தக் காம்பரா அறையில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள் என்று கொப்பியில் வைத்திருப்பவர். வெளியேறும் பாதையை வெயில் நாளில் இரண்டு தடவை நடத்திப் பார்த்தவர். துரையிடம் அனுமதி கேட்டு விடியும்வரை காத்திராமல் கதவைத் தட்டும் தைரியமும் வேண்டும். அதற்கான அதிகாரத்தை அவருக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்திருக்கவும் வேண்டும். செக்ஷன் பார்த்த ஒரு ஆளுக்கு இதில் புதிதாகக் கற்க வேண்டியது மிகக் குறைவு. ஒன்றே ஒன்றைத் தவிர. தட்டும்போது தமிழில் பேச வேண்டும். கேட்டவுடன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குமளவுக்கு அந்தக் குரலை அவர்கள் ஏற்கெனவே நம்பியிருக்க வேண்டும்.

தொழிற்சாலைப் பாதுகாப்பு, வாகனப் பிரிவு, களஞ்சியம், பெரிய சமையலறை எல்லாம் இதன் பிறகு வரும் இடங்கள். குவார்ட்டர் மாஸ்டர் சார்ஜன்ட் என்றால் நூறு பேருக்கு உடுப்பு, உணவு, கருவி எல்லாம் கணக்குத் தப்பாமல் பார்த்தவர் என்பது ஆள் எடுக்கும் பலருக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் படையணியின் பெயரையும் பதக்கத்தையும் எழுதி வைப்பார்கள், செய்த வேலையை எழுதமாட்டார்கள். சிக்னல் படையில் இருந்தவர், பொறியியல் படையில் டோசர் ஓட்டியவர், மருத்துவப் படையில் காயம் கட்டியவர் ஆகியோருக்கு முன் அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் ஏற்பாட்டில் இருக்கிறது. நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடும் நிறுவனம் அந்த வழியைக் காட்டினால், வருபவரும் 'ஆமியில் இருந்தேன்' என்பதோடு நின்றுவிடமாட்டார். சட்டப்படி விடுவிக்கப்பட்ட கடிதத்தைப் பார்த்துவிட்டு எடுப்பது நல்லது. தப்பியோடியவர்களுக்கு 2024இலும் பொதுமன்னிப்புக் காலம் அறிவிக்க வேண்டியிருந்த நாடு இது.

நேர்முகத்தில் 'எத்தனை பேரைக் கட்டி மேய்த்தீர்கள்?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் நல்ல பதில் இருக்கும். 'உங்கள் கீழ் இருந்தவர் நீங்கள் சொன்னது பிழை என்று சொன்ன ஒரு நாளைச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். அப்படி ஒரு நாளே வந்ததில்லை என்பவருக்குக் கேற்றடிதான் சரி. சிரித்துக்கொண்டு ஒரு கதை சொல்லத் தொடங்குபவரைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்.

எடுத்த பிறகு அவசரப்பட்டுக் கதிரையில் உட்காரவைக்க வேண்டாம். முதல் மூன்று மாதம் கங்காணியோடு மலையில் நடக்கட்டும். மழை நாளில், பனி நாளில், எடை போடும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, 18 கிலோ எடுக்க வேண்டும். அதை எடுத்துவிட்டு இறங்கும் பெண்ணின் முதுகு எப்படி இருக்கும் என்று, முப்பது கிலோ பொதி சுமந்து நடந்த ஒருவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் பழைய கொப்பியை மறுபடி எடுக்கட்டும். முனியம்மாவுக்கு எத்தனை பிள்ளை, செல்வராணிக்கு ஏன் திங்கட்கிழமை பிந்துகிறது என்று எழுதட்டும். தமிழ் எழுத்துத் தெரியாவிட்டால் கங்காணி சொல்லச் சொல்லச் சிங்களத்தில் எழுதிக்கொள்ளலாம். மறுநாள் பெரட்டில் கூப்பிடும்போது உச்சரிப்புப் பிழைத்துப் பெண்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரிக்க விடலாம்.